பாகூருக்கு எதற்கு ஃபோர் வீல் டிரைவ்?

தார் வாங்குவதா, ஜிம்னி வாங்குவதா, இன்னும் கொஞ்சம் போட்டு கூர்க்காவே வாங்கிவிடுவதா என்கிற பட்டிமன்றம் புதுச்சேரி நகரத்தைத் தாண்டி கிராமத்துக்கும் வந்துவிட்டது. 2020 அக்டோபரில் புதிய தார் வந்த புதிதில் வில்லியனூர் கடைத்தெருவில் ஒன்று நின்றால் பையன்கள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கல்யாண மண்டப வாசலில் வரிசையாக நிற்கிறது.

வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லோரும் லடாக், மணாலி, ராஜஸ்தான் பாலைவனம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அங்கே எந்த வண்டி நன்றாக ஏறும், எது கவிழும் என்று புள்ளிவிவரமாகச் சொல்வார்கள். கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூருக்கு மார்கழி மாத மழையில் தினம் போய்வருகிறவனுக்கு எது சரி என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கொம்யூன்களில் இந்த வண்டிகளை வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்லை. தேவைப்படுகிற சிலரோ தப்பான வண்டியை வாங்குகிறார்கள்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். புதுச்சேரிப் பகுதி ஒரே தட்டை. கோரிமேடு பக்கத்துச் செம்மண் மேட்டை பிரெஞ்சுக்காரர்கள் 'சிவப்பு மலைகள்' என்று அழைத்தார்களாம். அதன் உயரம் சுமார் 30 மீட்டர்! முப்பது மீட்டரை மலை என்று சொல்ல ஒரு தனி மனசு வேண்டும். அந்த மேட்டைவிட்டுத் தெற்கே இறங்கினால் சங்கராபரணி, அதற்கும் தெற்கே தென்பெண்ணை. இரண்டுக்கும் நடுவே ஏரியும் வாய்க்காலும் நெல்லும் கரும்பும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து பாகூர் ஏரி நிறைகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியின் பெரிய ஏரி அதுதான். பாகூரை நெற்களஞ்சியம் என்று சும்மா சொல்லவில்லை. ஆக, பாறை இல்லை, மலையேற்றம் இல்லை, பனி இல்லை. அப்ரோச் ஆங்கிள் தாருக்கு 41.8 டிகிரி, ஜிம்னிக்கு 36 டிகிரி என்று ஷோரூமில் சொல்வார்கள். அந்த ஐந்தே முக்கால் டிகிரி வித்தியாசத்தை உபயோகிக்க பாகூரில் ஒரு இடம் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் இங்கே 'ஆஃப் ரோடு' என்பதே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரி.

ஒரு வண்டி மட்டும் போகிற தார் ரோட்டில் எதிரே கரும்பு டிராக்டர் வருகிறது. இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்கிக்கொண்டு வரும் டிரெய்லர். அவர் இறங்க மாட்டார், இறங்கவும் முடியாது. நீங்கள்தான் ரோட்டைவிட்டு இறங்க வேண்டும். தார் ரோட்டின் விளிம்பு ஒரு முழம் உடைந்திருக்கும், அதற்குக் கீழே களிமண், அதற்கும் கீழே வாய்க்கால். இதுதான் எங்கள் ஊர் ஆஃப் ரோடு. தினமும் நாலு தடவை. இதில் உங்களைக் காப்பாற்றுவது குதிரைத்திறன் அல்ல, வண்டியின் அகலம். 2020-இல் வந்த தாரின் அகலம் 1820 மி.மீ., ஜிம்னி 1645 மி.மீ. வித்தியாசம் 175 மி.மீ., கிட்டத்தட்ட முக்கால் சாண். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. வாய்க்கால் ஓரத்தில் அந்த முக்கால் சாண்தான் உள்ளே விழுவதற்கும் விழாததற்கும் நடுவில் இருக்கிறது. கூர்க்கா தாரைவிடவும் அகலம். பழைய மாருதி ஜிப்ஸியோ 1540 மி.மீ.தான். 1985-இல் வந்து 2019 வாக்கில் விற்பனை நின்ற அந்த வண்டிக்கு இன்றும் பழைய கார் சந்தையில் ஏன் அவ்வளவு கிராக்கி என்பது இப்போது புரியும்.

அடுத்தது சேறு. நடவு நேரத்தில் டிராக்டர்கள் கேஜ் வீலோடு வயலிலிருந்து நேரே ரோட்டில் ஏறிவிடும். ரோடும் கெடும், வயலுக்குப் போகிற மண் பாதையும் கூழாகிவிடும். இந்தக் களி செம்மண் மாதிரி இல்லை. டயரின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு டயரை வழவழவென்று ஆக்கிவிடும். அப்படி ஆனபின் நான்கு சக்கரமும் சுற்றினாலும் ஒன்றுதான், இரண்டு சுற்றினாலும் ஒன்றுதான். இங்கே எடை முக்கியம். ஜிம்னி சுமார் 1200 கிலோ. தார் அதைவிட ஏறக்குறைய அரை டன் கூடுதல். ஈரக் களியில் அரை டன் என்பது நான்கு மூட்டை நெல்லை ஏற்றிக்கொண்டு போவதைவிட மோசம், ஏனென்றால் மூட்டையை இறக்கி வைக்கலாம். கனமான வண்டி ஒரு தடவை அமிழ்ந்தால் இழுப்பதற்கு டிராக்டர்தான் வர வேண்டும். டிராக்டர்காரர் சிரித்துக்கொண்டே வருவார், அது தனி விஷயம்.

இங்கே கொஞ்சம் இயந்திர சமாச்சாரம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஷோரூமில் ஏமாற்றிவிடுவார்கள். இந்த மூன்று வண்டிகளிலும் இருப்பது 'பார்ட் டைம்' ஃபோர் வீல் டிரைவ். சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும் இழுக்கும். லீவரையோ குமிழையோ போட்டால் முன்சக்கரமும் சேரும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. அதனால் காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும், ஓட விடாமல் பூட்டி வைத்தால் ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். 'ஃபோர் வீல் டிரைவ் இருக்கு, ரோட்டில் பிடிமானம் நல்லா இருக்கும்' என்று ஒருவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எப்போதும் போட்டே ஓட்டுகிறார். அவர் மெக்கானிக்கின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம் :-)

இன்னொன்று. நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பது பாதிப் பொய். சாதாரண டிஃபரென்ஷியலில் எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ அது வெறுமனே சுற்றும், பிடிமானம் உள்ள ஜோடிச் சக்கரம் சும்மா நிற்கும். அதைத் தடுக்கத்தான் டிஃப் லாக். கூர்க்காவில் முன்னும் பின்னும் இரண்டுக்கும் உண்டு, ஓட்டுநர் தானே பூட்டலாம். தாரில் சில மாடல்களில் பின்பக்கத்துக்கு மட்டும் தானாகப் பூட்டும் ஏற்பாடு. ஜிம்னியில் பூட்டே இல்லை. வெறுமனே சுற்றுகிற சக்கரத்துக்குக் கணினி பிரேக் போட்டு இழுவையை மற்றதுக்குத் தள்ளும். மலையேறுகிறவர்களுக்கு கூர்க்காதான் ராஜா, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தினம் பால் சொசைட்டிக்கும் காலேஜுக்கும் போக ராஜா எதற்கு?

இனி தண்ணீர். இதில்தான் உயிர் விஷயம் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. ராணுவம் வந்து படகில் ஆட்களை மீட்டது. இது முடிந்தது என்று மூச்சுவிடுவதற்குள் இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை தாண்டி பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்துவிட்டது. அந்த வாரத்துக்குப் பிறகுதான் 'நமக்கும் ஒரு பெரிய வண்டி வேண்டும்' என்கிற பேச்சு எங்கள் பக்கம் அதிகமாயிற்று. தாரின் விளம்பரத்தில் 650 மி.மீ. ஆழம்வரை தண்ணீரில் போகலாம் என்று இருக்கிறது, கூர்க்காவுக்கு 700 மி.மீ., கூடவே கம்பெனியிலேயே மாட்டிவிடும் ஸ்னார்க்கல். பார்த்தவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். 650 மி.மீ. என்பது நின்ற தண்ணீருக்கு, அடியில் தரை எப்படி இருக்கிறது என்று தெரிந்த இடத்துக்கு. சங்கராபரணியின் தரைப்பாலத்தின் மேல் ஓடுகிற தண்ணீருக்கு அல்ல. ஓடும் தண்ணீர் ஒரு அடி உயரம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும், இரண்டு அடி இருந்தால் பெரிய எஸ்.யு.வி.யையே தூக்கிக்கொண்டு போகும். வண்டி என்பது கதவு சாத்திய ஒரு பெட்டி, மிதக்கத்தான் பார்க்கும். மிதந்த பிறகு நான்கு சக்கரம் சுற்றினால் என்ன, நாற்பது சுற்றினால் என்ன? ஸ்னார்க்கல் எஞ்சின் மூச்சு விடுவதற்குத்தான், உள்ளே இருப்பவர் மூச்சு விடுவதற்கில்லை. தடுப்பு வைத்திருந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்தான் தடுப்பை நகர்த்திவிட்டுப் போகிறார் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்விஃப்ட் வைத்திருப்பவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்.

தெருவில் தேங்கிய தண்ணீருக்கு உயரமான வண்டி உதவும்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் கணக்கு இருக்கிறது. காற்று இழுக்கும் குழாயில் தண்ணீர் போனால் எஞ்சின் பூட்டிக்கொள்ளும், கனெக்டிங் ராடு வளையும். சாதாரண இன்ஷூரன்ஸ் இதற்குப் பணம் தராது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று சேர்த்திருக்க வேண்டும். எங்கள் மாதிரி ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே இருப்பவர்கள் ஃபோர் வீல் டிரைவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் லட்சங்களில் ஒரு துளியை இதற்குச் செலவழித்தால் போதும். ஆழமான தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியானால் டிஃபரென்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள். காபி நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். அப்படியே ஓட்டினால் மூன்று மாதத்தில் பேரிங் கத்தும்.

இன்னொரு புயலையும் நினைத்துக்கொள்கிறேன். 2011 டிசம்பர் 30, தானே. அன்று எங்கள் பக்கம் பிரச்சினை வெள்ளம் இல்லை, விழுந்த மரங்கள். எந்த வண்டியும் எங்கும் போகவில்லை. அரிவாளும் ரம்பமும் வைத்திருந்தவர்கள்தான் ரோட்டைத் திறந்தார்கள். பேரிடருக்கு வண்டி வாங்குகிறேன் என்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

சரி, வாங்குவதற்கு வருவோம். என் மாமா ஒருவர் இப்போது இதே யோசனையில் இருக்கிறார். நெல்லும் கரும்பும் வைத்திருக்கிறார். வீட்டில் ஆயா இருக்கிறார், மாதம் ஒரு தடவை ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு பெண் பிள்ளைகள். அவருக்குத் தார்மீது ஆசை. (மீசைக்கும் தாருக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது.) மூன்று கதவுத் தாரில் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி அதன் வழியாக ஏற வேண்டும். எழுபத்தைந்து வயது ஆயா அதில் எப்படி ஏறுவார் என்று கேட்டேன். 'ஆயா முன்னாடி உட்காரட்டும்' என்றார். முன்சீட்டே இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. தினசரி உபயோகம் என்று சொல்வது இதைத்தான். வாரத்தில் ஏழு நாளும் வீட்டிலிருக்கும் கிழவியும் பள்ளிக்கூடப் பையும் ஏறி இறங்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை போகிற மலைக்காக அல்ல.

ஐந்து கதவு வேண்டுமென்றால் 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸ் இருக்கிறது. பெரியது, வசதியானது, பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாலரை மீட்டரை ஒட்டிய நீளம். பாகூர் தேர் வீதியில் திருப்பலாம், அதற்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் முடியாது.

இந்த இடத்தில் வரி விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஊருக்கு எந்த வண்டி வருகிறது என்பதைச் சாலை தீர்மானிக்கவில்லை, வரிதான் தீர்மானிக்கிறது. நான்கு மீட்டருக்குள் நீளமும், டீசலானால் 1500 சிசிக்குள்ளும் பெட்ரோலானால் 1200 சிசிக்குள்ளும் எஞ்சினும் இருந்தால் அது சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். 2023 ஜனவரியில் மஹிந்திரா 1497 சிசி டீசல் எஞ்சினைப் போட்டு, ஃபோர் வீல் டிரைவைக் கழற்றிவிட்டு, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற ஒரு தாரைக் கொண்டுவந்தது. அது சிறிய கார் கணக்கில் வந்துவிட்டது. ஜிம்னி அதே நீளம்தான், 3985 மி.மீ. ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1462 சிசி, அதனால் 40 சதவீதம். ஆக, ஆறடி ஆகிருதியோடு நிற்கிற, சேற்றில் மாட்டினால் ஆம்னி வேனைப் போலவே பின்சக்கரம் சுற்றுகிற தார் மலிவு. உண்மையிலேயே நான்கு சக்கரமும் இழுக்கிற, ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிற ஜிம்னி விலை கூடுதல். எங்கள் பக்கம் ஓடுகிற தார்களில் பலவும் இந்த இரண்டு சக்கரத் தார்தான். கியர் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இந்த இரண்டு சக்கரத் தாரைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். தினசரிக்கு அசௌகரியம், சேற்றுக்கும் ஆகாது. இரண்டு பக்கத்துக் கஷ்டமும் உண்டு, இரண்டு பக்கத்துப் பலனும் இல்லை. தோற்றம்தான் வேண்டும் என்றால் வாங்கலாம், அதில் தப்பில்லை, அவரவர் காசு. ஆனால் 'கிராமத்து ரோட்டுக்கு வேண்டும்' என்று காரணம் சொல்லக் கூடாது.

ஜிம்னியிலும் குறை இல்லாமல் இல்லை. நான்கு பேருக்குத்தான் இடம். பின்சீட்டை மடக்காவிட்டால் டிக்கியில் 208 லிட்டர், உர மூட்டை ஒன்று வைத்தால் முடிந்தது. 134 நியூட்டன் மீட்டர்தான் இழுவை. தாரின் டீசல் 300 கொடுக்கிறது. விழுப்புரம் சாலையில் லாரியை முந்த ஜிம்னியில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கம்பெனி சொல்கிற மைலேஜே லிட்டருக்கு 17-க்குள். இவ்வளவையும் ஒத்துக்கொண்ட பிறகும், எங்கள் ஊருக்கு ஒரு நிஜமான ஃபோர் வீல் டிரைவ் வேண்டும் என்பவருக்கு நான் ஜிம்னியைத்தான் சொல்வேன். ஒல்லி, லேசு, ஐந்து கதவு, மாருதி என்பதால் பழுது பார்க்க ஆள் தேடி அலைய வேண்டாம். ஜப்பானில் 1970-இல் முதல் ஜிம்னி வந்தபோது அது 360 சிசி எஞ்சின் போட்ட பொடியன் வண்டி. குறுகலான மலைப்பாதையில் வேலைக்குப் போகிறவர்கள் அதை விரும்பினார்கள். வேலைக்குப் பிறந்த வண்டி, விளையாட்டுக்கு அப்புறம்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், 2023 ஜூனில் நம் நாட்டில் வந்த ஐந்து கதவு ஜிம்னி இங்கே சரியாகப் போகவில்லை, தள்ளுபடிமேல் தள்ளுபடி கொடுத்தார்கள். அதே வண்டி குருகிராமில் செய்து 2025 ஜனவரியில் ஜப்பானில் அறிமுகமானபோது சில நாட்களிலேயே ஐம்பதாயிரம் ஆர்டர் குவிந்து, போதும் சாமி என்று நிறுத்திவைத்தார்கள்.

மாமாவுக்கு நான் சொன்னது இதுகூட இல்லை. அவருக்கு ஜிம்னியும் வேண்டாம். வயலுக்குள் போக அவரிடம் ஏற்கெனவே டிராக்டர் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஃபோர் வீல் டிரைவ் எதற்கு? தரையிலிருந்து உயரம் உள்ள ஒரு சாதாரண கார், நல்ல டயர், எஞ்சின் பாதுகாப்போடு இன்ஷூரன்ஸ், மிச்சப் பணத்தில் ஆயாவுக்கு வீட்டு வாசலில் ஒரு சாய்தளம். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்போது சாகசம். வண்டி வாங்கிவிட்டால் எங்காவது ஏற்றிப் பார்க்கக் கை அரிக்கும். மேடே இல்லாத ஊரில் மேடு எங்கே இருக்கிறது? ஏரிக்கரையில். அங்கேதான் எனக்கு உண்மையான கோபம். கரையின் சரிவில் வண்டியை ஏற்றி இறக்கி வீடியோ எடுக்கிறார்கள். ஏரிக்கரை வெறும் மண்மேடு இல்லை. தலைமுறை தலைமுறையாக மண் போட்டு, மிதித்து, புல் பிடிக்கவிட்டு நிற்கிற அணை. ஈரமாக இருக்கும்போது ஒன்றே முக்கால் டன் வண்டி ஏறினால் புல் பிய்ந்து இரண்டு கோடு விழும். அடுத்த மழைத்தண்ணீர் அந்தக் கோட்டில்தான் இறங்கும். கோடு ஓடையாகும். கரை உடைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு பலவீனமான இடத்தில்தான் தொடங்கும். கீழே இருப்பது யார் வயல், யார் வீடு?

ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளுக்கும் இதே கதைதான். அந்தப் பள்ளங்கள் இயற்கையின் அழகு என்று நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டப் போகிறார்கள். அது அழகில்லை, மரம் வெட்டி மேய்ச்சல் விட்டு மண் அரித்துப்போன காயம். 1968-க்குப் பிறகு அங்கே வந்து குடியேறியவர்கள் வருஷக்கணக்காக வரப்பு போட்டு, மழைநீரைத் தடுத்து, மரம் நட்டு அந்தக் காயத்தை ஆற்றினார்கள். மிச்சமிருக்கிற ஓடையில் டயர் உருட்டுவது ஆறிய புண்ணைக் கீறுவது மாதிரி.

கடற்கரையும் அப்படியே. மணப்பட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் பக்கம் மணல் இருக்கிறது, டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தால் வண்டி நன்றாகவே போகும். ஆனால் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வருகிற கரை இது. பெயரிலேயே மாதத்தை வைத்திருக்கிறோம், பிறகும் மறந்துவிடுகிறோம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் பொரித்து வெளியே வருகிற குஞ்சு நம் விரல் நீளம்தான் இருக்கும். டயர் பதிந்த பள்ளத்துக்குள் விழுந்தால் ஏறி வரத் தெரியாமல் அந்தக் கோட்டிலேயே நகர்ந்து நகர்ந்து வெயிலில் காயும், இல்லையென்றால் காக்கைக்கு இரையாகும். முட்டை இருக்கும் இடத்தின்மேல் வண்டி ஏறினால் சொல்லவே வேண்டாம்.

மலைக்குப் போகலாமே என்றால் கல்வராயனும் ஜவ்வாதும் இருக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் நுழைந்தால் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே குற்றம். ஊர்களை இணைக்கிற மலைச்சாலைகளில் போகத் தடையில்லை, ஆனால் அவை நல்ல சாலைகள், எந்தக் காரும் ஏறும். அறுபது எழுபது கிலோமீட்டரில் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோட்டை. ராஜகிரியில் ஏற இரண்டு கால்கள்தான் வேண்டும்.

ஆக, நியாயமாக ஓட்ட என்ன மிச்சம்? அறுவடை முடிந்து அடுத்த உழவுக்கு முன் காய்ந்து கிடக்கிற சொந்த நிலம், அல்லது கேட்டுவிட்டு அடுத்தவர் நிலம். வயலுக்குப் போகிற வண்டிப் பாதைகள். இதற்கு மாணவனாக என் தேர்வு நான்கு சக்கரமே இல்லை, இரண்டு சக்கரம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 கிட்டத்தட்ட 196 கிலோ. சேற்றில் சாய்ந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 அதைவிட ஏறக்குறைய நாற்பது கிலோ குறைவு, விலையும் பாதி. ஒல்லியான ஆளே தூக்கி நிறுத்தலாம். நெடுஞ்சாலையில் ஹிமாலயனிடம் தோற்றுப்போகும், வரப்போரத்தில் ஜெயிக்கும்.

அதையும் வைத்துக்கொண்டு பெருமையடித்தால் எங்கள் பெரியப்பா சிரிப்பார். அவரிடம் இருப்பது டிவிஎஸ் எக்ஸெல். 1980-இல் டிவிஎஸ் 50 என்று வந்த வண்டியின் வாரிசு. எடை எண்பது சொச்சம் கிலோ. முன்னால் புல்லுக்கட்டு, பின்னால் பால்கேன், நடுவே வேட்டியை மடித்துக் கட்டிய பெரியப்பா. வாய்க்கால் குறுக்கே போட்ட பனைமரத் தடிமேல் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுவார். எந்த வண்டி வாங்கலாம் என்று அவரிடமும் கேட்டேன். மழை நின்ற அன்று காலையில் வயலுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற வண்டி எதுவோ அதை வாங்கு என்றார். அவருடையதைத் தரமாட்டாராம்.